பாரம் ஒன்றுக்கு 16 பக்கம்: சொந்தச் செலவில் வந்த தமிழ்ச் சிறுநூல்கள்

அச்சகத்தில் ஒரு முழுத் தாளை மூன்று முறை மடித்தால் எட்டு இலைகள் கிடைக்கும். அவற்றின் இரு புறமும் சேர்ந்து 16 பக்கங்களாகும். இந்த 16 பக்கத் தொகுதியையே அச்சுத் தொழிலில் பாரம் என்கின்றனர். டெமி எனப்படும் தாளை இவ்வாறு மடித்து ஓரம் வெட்டினால் ஏறத்தாழ ஐந்தரைக்கு எட்டரை அங்குலம் கொண்ட டெமி 1/8 அளவும், அதனினும் சிறிய கிரவுன் தாளை மடித்தால் கைக்கு அடக்கமான கிரவுன் 1/8 அளவும் அமைகின்றன. ஒன்று முதல் நான்கு பாரம் வரையுள்ள நூலைச் சிறுநூல் என்று கொண்டால், தமிழில் நவீனக் கவிதை தன் தொடக்க அடிகளைப் பெரும்பாலும் இத்தகைய நூல்களிலேயே எடுத்து வைத்தது என்பதும், அவற்றில் பல எழுதியவரோ அவருடைய நண்பரோ கைப்பணம் போட்டு அச்சிட்டவை என்பதும் தெளிவாகும். பதிப்பகம் ஏற்க மறுத்ததால் வேறு வழியின்றி வந்த நூல் என்று சொந்த வெளியீட்டைக் குறைத்து மதிக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது; தமிழ் அச்சு வரலாறு அந்த மதிப்பீட்டுக்கு இடம் தரவில்லை.

எழுத்தாளரும் வெளியீட்டாளரும் விற்பவரும் ஒருவராகவே இருக்கும் முறை தமிழ்நாட்டில் முதலில் வேரூன்றியது படித்தவர் கூடும் அவைகளில் அன்று, தெருவில்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, சென்னையின் குஜிலிக் கடைத்தெருவை மையமாகக் கொண்டு, மலிவான தாளில், பெரும்பாலும் 8 அல்லது 16 பக்கங்களில், காலணா அரையணா விலையில் ஆயிரக்கணக்கான பாட்டுப் புத்தகங்கள் வெளிவந்தன. கொலை, ரயில் விபத்து, வெள்ளம், பஞ்சம், விலைவாசி, தேர்த்திருவிழா, கதர், மதுவிலக்கு என்று மக்கள் அன்றன்று பேசிக்கொண்டிருந்த எதுவும் சில நாட்களுக்குள் சிந்தாகவும் கும்மியாகவும் அச்சேறியது. அதை இயற்றியவரோ விற்பவரோ சந்தையிலும் முச்சந்தியிலும் ரயில் வண்டியிலும் பாடிக் காட்டி விற்றார். ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி இவ்வகை நூல்களை ஆராய்ந்து முச்சந்தி இலக்கியம் என்ற தலைப்பிலேயே நூல் எழுதியிருக்கிறார். எழுத்தறியாதவர்களும் இவற்றின் வாசகர்களாக இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது: வீட்டில் ஒருவருக்குப் படிக்கத் தெரிந்தால் போதும், பாட்டின் மெட்டு ஏற்கெனவே பழகியதாக இருந்ததால் மற்றவர்களுக்கு அது கேட்ட அளவிலேயே பாடமாகிவிட்டது.

அழிந்துபோவதற்கென்றே பிறந்தவை போன்ற இந்த நூல்களைப் பற்றி இன்று ஓரளவு தெரிந்திருப்பதற்கு ஒரு சட்டமும் காரணம். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், அச்சான ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவரின் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்றும், அரசுக்குப் பிரதி அளிக்க வேண்டும் என்றும் விதித்தது. அரசு அந்நூல்களின் பக்கம், அளவு, விலை, அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் காலாண்டுப் பட்டியலாக வெளியிட்டது. குடிமக்கள் என்ன அச்சிடுகிறார்கள் என்று கண்காணிக்க ஆங்கிலேய அரசு ஏற்படுத்திய ஏற்பாடு, எந்தப் புலவரும் பொருட்படுத்தாத தெருப்பாடகர்களின் பெயர்களைக் காப்பாற்றி வைத்தது.

சுப்பிரமணிய பாரதியின் பாட்டுகள் முதலில் பரவியதும் இதே சிறு வடிவத்தில்தான். 1907இல் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன் வழியாகப் பாரதியை அறிந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் மிதவாதியாக இருந்தும் பாரதியின் பாட்டுகளில் உள்ளம் தோய்ந்து, மூன்று பாட்டுகளைச் சிறு பிரசுரமாக 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். மறு ஆண்டில் ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலாயிற்று. பின்னர்ப் பாரதி புதுச்சேரியில் தங்க நேர்ந்த காலத்தில், சென்னையிலிருந்த பரலி சு. நெல்லையப்பர் 1917இல் ‘நாட்டுப் பாட்டு’, ‘பாப்பாப் பாட்டு’, ‘முரசு’, ‘கண்ணன் பாட்டு’ ஆகியவற்றைச் சிறுசிறு நூல்களாக அடுத்தடுத்து வெளியிட்டார். இன்று ஒரே பெருந்தொகுப்பின் பகுதிகளாகப் படிக்கப்படும் இப்பாட்டுகளை அன்றைய வாசகர் தனித்தனி நூல்களாகவே கையில் எடுத்தார். குழந்தைக்கு ஒரு நூல், நாட்டுக்கு ஒரு நூல், கண்ணனுக்கு ஒரு நூல் என்ற அந்தப் பிரிப்பு, ஒரே மனநிலையில் தொடங்கி அதே மனநிலையில் முடியும் வாசிப்பை அளித்தது. பெருந்தொகுப்பு வசதியானது என்றாலும் அந்த ஒருமையை அது தருவதில்லை.

தம் நூல்கள் மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் போல வீடுதோறும் பரவ வேண்டும் என்பது பாரதியின் விருப்பம். 1920இல் கடையத்தில் இருந்தபோது தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட அவர் திட்டமிட்டு, அதற்கான பொருளுதவி கேட்டு அன்பர்களுக்கு எழுதினார். எதிர்பார்த்த பணம் வந்து சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். அத்திட்டத்தை வெறும் கனவாகக் கருதுவது தவறு. ஒரு பெரிய நூலுக்குப் பதிலாகப் பல சிறிய நூல்கள், ஏழையும் வாங்கக்கூடிய விலை, முன்கூட்டியே திரட்டிய முதல் என்று அதில் இருந்த ஒவ்வொரு கூறும் பிற்காலத்தில் பலர் நடத்திக் காட்டிய முறைகளே. பாரதிதாசனும் 1938இல் தம் முதல் பெருந்தொகுப்பு வெளிவரும் முன்பே, 1930இல் வந்த ‘கதர் இராட்டினப் பாட்டு’, ‘சஞ்சீவி பர்வதத்தின் சாரல்’ போன்ற சிறுநூல்களால் வாசகரிடையே அறிமுகமாகியிருந்தார்.

விடுதலைக்குப் பின் வாரப் பத்திரிகைகள் இலட்சக்கணக்கில் விற்கத் தொடங்கியபோது, அவற்றில் இடம் கிடைக்காத எழுத்துக்குச் சிற்றிதழும் சிறுநூலும் புகலிடமாயின. இதில் சி. சு. செல்லப்பாவின் உழைப்புக்கு இணை சொல்வது கடினம். 1959 ஜனவரியில் அவர் தொடங்கிய ‘எழுத்து’ இதழ் 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தது; அதனோடு இணைந்த எழுத்து பிரசுரம் ந. பிச்சமூர்த்தியின் ‘காட்டுவாத்து’ தொகுப்பையும், 24 கவிஞர்களின் 63 கவிதைகள் அடங்கிய ‘புதுக்குரல்கள்’ தொகுப்பையும் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்டது. யாப்பு இல்லாமல் கவிதை உண்டா என்று பண்டிதர்கள் வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில் அத்தகைய தொகுப்பை ஏற்று விற்கக் கடைகள் முன்வரவில்லை. ஆகவே செல்லப்பா நூல்களைப் பைகளில் நிரப்பித் தோளில் சுமந்து, ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குச் சென்று, ஆசிரியர்களையும் மாணவர்களையும் நேரில் கண்டு விற்றார். நூல் விற்கச் சென்றவர் அங்கேயே கவிதை பற்றி உரையாடவும் செய்ததால், ஒவ்வொரு விற்பனையும் ஒரு வாசகரை உருவாக்கும் வாய்ப்பாயிற்று. புதுக்கவிதை பின்னாளில் பாடத்திட்டத்துக்குள் நுழைந்ததற்குக் காரணம் தேடுபவர்கள், அக்காலத் திறனாய்வுக் கட்டுரைகளோடு இந்தப் பயணங்களையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். முதுமையிலும் அவர் இம்முறையைக் கைவிடவில்லை: 1997இல், 85 வயதில், ‘சுதந்திர தாகம்’ நாவலைத் தாமே வெளியிட்டார், அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2001இல், சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது.

கோவையிலிருந்து 1971 அக்டோபரில் தொடங்கிய ‘வானம்பாடி’ மற்றொரு வழியைத் தேர்ந்தது. விலையிலாக் கவிமடல் என்று தன்னை அறிவித்துக்கொண்ட அது, செலவைக் கவிஞர்களும் அன்பர்களும் பகிர்ந்துகொள்ள, வாசகருக்கு இலவசமாகச் சென்றது. கவிதைக் கோட்பாட்டில் இதற்கு மறுகரையில் நின்ற ‘ழ’ இதழ்க் குழுவினரும் வெளியீட்டு முறையில் அதே சிறு வடிவத்தையே நம்பினர். அக்குழுவின் கவிஞர் ஆத்மாநாம் உயிரோடிருந்தபோது வெளிவந்த ஒரே தொகுப்பான ‘காகிதத்தில் ஒரு கோடு’ 1981இல் ‘ழ’ வெளியீடாக வந்த மெல்லிய நூல்தான்.

இலங்கையில் இந்த முயற்சிக்குக் கூடுதல் துணிவு தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தகம் நடத்திய டொமினிக் ஜீவா 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கி, எழுதி, பதிப்பித்து, வீதியில் இறங்கித் தம் கையாலேயே விற்று, 40 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார், மல்லிகைப் பந்தல் என்ற பெயரில் சிறுகதை, கவிதை நூல்களையும் வெளியிட்டார். போர்க்காலத்தில், 1986இல், பெண் கவிஞர்களின் கவிதைகளைத் தாங்கி ‘சொல்லாத சேதிகள்’ யாழ்ப்பாணத்தில் வெளிவந்தபோது, அந்தச் சிறுதொகுப்பு ஈழத்துப் பெண்களின் கவிதைக்கு ஒரு தொடக்கப்புள்ளியாக அமைந்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் செய்தித்தாள்கூடப் பள்ளிக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளில் அச்சாகியது. தாள் இல்லாத ஊரில் நூல் வெளியிட்டவர்களுக்குப் பக்கக் குறைவு அழகியல் தேர்வாக இருக்கவில்லை. ஆயினும் அக்கட்டாயத்திலிருந்து பிறந்த செறிவு அக்காலக் கவிதைகளில் தெரிகிறது.

இன்று ஒருவர் தம் கவிதைகளையோ மூன்று நான்கு கதைகளையோ சிறுநூலாக்க விரும்பினால், அச்சுச் செலவு எவ்வாறு அமைகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்ட காலத்தில், சிறிய அச்சகத்தில் சில பக்கங்களுக்குப் போதுமான எழுத்துகளே இருந்தன. ஒரு பாரத்தைக் கோத்து, மெய்ப்புப் பார்த்து, அச்சிட்டு முடித்தபின் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டால்தான் அடுத்த பாரத்தைத் தொடங்க முடியும் என்பதால், மறுபதிப்பு என்பது அனைத்தையும் மீண்டும் கோப்பதாகவே இருந்தது. ஆஃப்செட் முறையில் பக்கங்கள் உலோகத் தகடுகளுக்கு மாற்றப்படுகின்றன. தகட்டுக்கும் இயந்திர ஆயத்தத்துக்கும் ஆகும் செலவு 100 பிரதிக்கும் 1,000 பிரதிக்கும் ஒன்றே என்பதால், எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்குகிறது. டிஜிட்டல் அச்சில் தகடு இல்லை. தேவைக்கேற்ப 20 பிரதி அச்சிட்டு, விற்றபின் மேலும் 20 அச்சிடலாம், ஆனால் அடக்கவிலை பெரிதாக இறங்குவதில்லை. முதல் நூல் வெளியிடும் கவிஞருக்கு டிஜிட்டல் வழியே பொருந்தும். மலிவாகிறதே என்று 1,000 பிரதி அச்சிட்டு, 800 பிரதியைப் பரண்மேல் ஏற்றிவைத்தவர்கள் தமிழில் ஏராளம்.

பக்க எண்ணிக்கையைப் பாரத்துக்குள் அடக்குவது அடுத்த கணக்கு. பக்கத்துக்கு ஒன்றாக 40 கவிதைகள், தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், முன்னுரை, பொருளடக்கம் ஆகியவற்றுக்கு 8 பக்கங்கள் என 48 பக்கங்கள் சரியாக மூன்று பாரங்களாகும். 50 பக்கமானால் இரண்டு பக்கத்துக்காகத் தாள் வீணாகும். கதையானால், டெமி 1/8 பக்கத்தில் எழுத்தின் அளவைப் பொறுத்து 200 முதல் 250 சொற்கள் அமைவதால், 3,000 சொற்கள் கொண்ட கதை 12 முதல் 15 பக்கங்களைப் பிடிக்கும். நடுத்தரமான மூன்று கதைகளுக்கு மூன்று பாரங்கள் போதும். தாள்களை நடுவில் மடித்துக் கம்பி அடிக்கும் சென்டர் பின் முறையில் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். முதுகில் பசையிட்டு ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங்கில் நூல் அலமாரியில் நிமிர்ந்து நிற்கும் என்றாலும், 48 பக்க நூலின் முதுகு தலைப்பை அச்சிடப் போதாத அளவு ஒடுங்கியிருக்கும். சிறுநூலுக்குச் சென்டர் பின்னே சிறந்தது: நூல் மேசைமேல் முழுதாக விரிந்து கிடக்கும், தாள்கள் உதிரா.

கவிதை நூலுக்கு மட்டும் உரிய சிக்கல் வரியின் நீளம். தமிழ்ச் சொற்கள் நீண்டவை. கைபேசியிலோ கணினியிலோ ஒரே வரியாக நின்றது, கிரவுன் அளவுப் பக்கத்தில் இரண்டாக உடைந்து, கவிஞர் நினைக்காத இடத்தில் நிறுத்தத்தை உண்டாக்கிவிடும். தொகுப்பின் மிக நீண்ட வரியை அளந்து அதற்கேற்ப நூலளவையும் எழுத்தளவையும் முடிவு செய்வதும், உடைந்தே தீரும் வரியின் மீதியை உள்தள்ளி அமைப்பதும் பக்க வடிவமைப்பாளரிடம் முன்னரே சொல்லப்பட வேண்டியவை. ஒருங்குறியில் தட்டச்சு செய்ததைப் பழைய எழுத்துருக்களுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுவது இன்னும் நிகழ்கிறது. ஆகவே திரையில் பார்த்ததே போதும் என்று விடாமல், தாளில் எடுத்த மெய்ப்பை எழுதியவரல்லாத நண்பர் ஒருவர் படிக்க வேண்டும்.

அதே நண்பருக்கு வேறொரு பணியும் உண்டு. பதிப்பகம் இல்லாத இடத்தில் இழக்கப்படுவது முதலீடு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பெரிய இழப்பு, வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியக் கை. செல்லப்பா வந்ததையெல்லாம் வெளியிடவில்லை, தேர்ந்தார். 60 கவிதைகளைக் கொடுத்து 20ஐ நீக்கித் தரும்படி, நட்புக்காகப் புகழாத ஒருவரிடம் கேட்பது சொந்த வெளியீட்டில் மிகுந்த பயன் தருவது. மூன்று பாரமுள்ள நூலில் ஒரு பாரத்தை அணிந்துரை, வாழ்த்துரை, நன்றியுரைக்குக் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம்; அந்தப் பக்கங்கள் வாசகர் விலை கொடுத்து வாங்கியவை.

அச்சிடுவது எளிதாகிவிட்ட இக்காலத்தில் வாசகரிடம் கொண்டுசேர்ப்பதுதான் கடினம். புத்தகக் கடைகள் பொதுவாக விலையில் 30 முதல் 40 விழுக்காடு கழிவு பெறுகின்றன. விற்றபின் தரும் பணமும் மெதுவாகவே வரும். 50 ரூபாய் நூலில் கழிவும் அச்சுச் செலவும் போக மிஞ்சுவது சொற்பம் என்பதால், சிறுநூல் நேர்விற்பனையாலேயே வாழ்கிறது: கவிதை வாசிப்புக் கூட்டம், கல்லூரி, புத்தகக் காட்சியில் தெரிந்தவர் அரங்கின் ஓரம், நண்பர் வழியாக நண்பர். முன்பணம் திரட்டும் வழியும் புதிதன்று, உ. வே. சாமிநாதையர் 1887இல் ‘சீவக சிந்தாமணி’யைப் பதிப்பித்தபோதே கையொப்பக்காரர்கள் எனப்பட்ட முன்பதிவாளர்களின் ஆதரவைத் திரட்டினார். 100 பேர் முன்கூட்டியே பணம் செலுத்தினால் அச்சுச் செலவு கடனாக நிற்காது. அஞ்சலைப் பொறுத்தவரை, நெடுங்காலம் துணைநின்ற பதிவு புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது சிறு வெளியீட்டாளர்களுக்குப் பேரிடியாக இருந்தது. 2025 மே மாதம் அதற்கு ஈடாக ஞான் போஸ்ட் என்ற சேவையை அஞ்சல் துறை கொண்டுவந்து, 300 கிராம் வரை 20 ரூபாய் என்று தொடக்கக் கட்டணம் வைத்தது. 48 பக்க டெமி நூல் ஏறத்தாழ 70 கிராம்தான் இருக்கும் என்பதால், மூன்று பிரதிகளை ஒரே உறையில் அனுப்பலாம்.

சட்டம் சார்ந்த கடமைகள் சிலவே. பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே எழுதியவருக்கு உரியதாகிறது. இந்தியாவில் அது ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும், பதிவு செய்வது கட்டாயமன்று. நூலை உலகளவில் அடையாளம் காட்டும் 13 இலக்கப் பன்னாட்டுத் தரப் புத்தக எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. தனி எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். பலர் அறியாதது 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம்: இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும், வெளியான 30 நாட்களுக்குள், கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா பொது நூலகம், மும்பை ஆசியச் சங்க நூலகம், தில்லிப் பொது நூலகம் ஆகிய நான்குக்கும் வெளியீட்டாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும். சொந்தமாக அச்சிட்ட கவிஞரும் சட்டத்தின் பார்வையில் வெளியீட்டாளரே.

இக்கடமையைச் சுமையாகக் கருத வேண்டியதில்லை. சிறுநூல்களே முதலில் மறைகின்றன. அட்டை மெல்லியது, பிரதி குறைவு, அலமாரியில் பெரிய நூல்களுக்கு நடுவே கண்ணில் படாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஈழத்துச் சிறு வெளியீடுகளும் அவற்றோடு போயின. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் நூல்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்ததால்தான், அவர் மறைவுக்குப் பின் சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் குஜிலிப் பாட்டுகளை இன்று படிக்க முடிகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து வெளியீடுகளை எண்ணிமமாக்கி வருகிறது. இவ்விடங்களில் ஆய்வு செய்பவர்களுக்கு அடிக்கடி எதிர்ப்படும் தடை, வெளியான ஆண்டும் ஊரும் அச்சிடப்படாத சிறுநூல்கள். ஆகவே உரிமைப் பக்கத்தில் ஆண்டு, ஊர், அச்சகம், பிரதிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பதும், சட்டம் கேட்கும் நான்கு பிரதிகளோடு இவ்விரு சேகரிப்புகளுக்கும் ஒவ்வொன்று ஒதுக்குவதும் நல்லது. 300 பிரதி அச்சிடுபவருக்கு அதனால் குறைவது ஆறு பிரதிகள்.